ஆள் படுக்காத உறை

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்து குடித்தனம் நடத்தி வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும்: துணி துவைக்கும் திரவம் தயாரிக்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று. நடத்துகிறவர் நுரையண்ணன். எந்தத் தொட்டியில் எது எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவருடைய தங்கை. கலவைக்காரி என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டவள். "மேலேயும் கீழேயும் போய்ட்டு வர்ற ஆளு, ஒரு இடத்துல நிக்கமாட்டான்" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னார். அவர் சொல்லி எதுவும் பலித்ததாகச் சரித்திரம் கிடையாது. இது பலித்துவிட்டது. லிஃப்ட்காரர் போய்விட்டார், இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அதைக் கலவைக்காரி தன் வீட்டுச் சுவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை எழுந்தவுடன் அவள் கட்டிலைப் பார்த்தாள். இரண்டு தலையணைகள். அவளுடையது நடுவில் குழிந்து, உறையின் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. மற்றது போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் சுவரோரமாக, கன்னம் உப்பி, விறைப்பாக இருந்தது.

பாதிக் கட்டிலைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. மறு பாதி தானாகவே ஒழுங்காக இருந்தது. தனியாக இருப்பதில் கிடைக்கிற லாபம் இது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லாபம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

பால்கனிக் கொடியில் ஓர் ஆண் சட்டை தொங்கியது. அவர் எடுத்துப் போக மறந்த சட்டை. அக்கம்பக்கத்தார் கண்ணுக்காக அதை வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போட்டு வந்தாள். உலகத்திலேயே அதிகமாகத் துவைக்கப்பட்டு, கொஞ்சமும் உடுத்தப்படாத சட்டை அதுவாகத்தான் இருக்கும். அதை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

இன்றைக்கு உறைகளைப் பார்க்கிற நாள்.

அதைச் சொல்வதற்கு முன், நுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பக்கத்து அறையில் கண்ணை மூடி உட்கார்ந்து, நுரை உடைகிற சத்தத்தை வைத்தே எந்தத் தொட்டி என்று சொல்லிவிடுவார். ஒரு வருஷம் உற்சாகம் மிஞ்சிப்போய் நுரைச்சரக்கை இரண்டு மடங்காகக் கொட்டிவிட்டார். சாக்கடை வழியாகக் கிளம்பிய நுரை, தெருவை மாடி உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. இந்த முனையில் நுழைந்த தபால்காரர் அந்த முனையில் வெளியே வந்தபோது காக்கிச் சட்டை தும்பைப்பூவாக இருந்தது. இலாகாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. வேலைக்குப் புதிதாக மனுப் போடச் சொல்லிவிட்டார்கள். பையிலிருந்த கடிதங்களில் முகவரியும் வெளுத்துப் போனதால், அந்த வாரம் தெருவில் எல்லோருக்கும் யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு கல்யாணம் நடந்தது.

அப்படிப்பட்ட நுரையில்தான் கலவைக்காரி கை வைத்தாள்.

காரணம் இருந்தது. அந்த நுரைச்சரக்கை எங்கோ ஒரு பெரிய ஆலையில் தயாரிக்கும்போதே, கூப்பிடாமல் ஒரு பொருள் கூடவே பிறந்துவிடுகிறது. டயாக்சேன் என்று பெயர். துளிதான். ஆனால் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து, சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யார் கையிலும் சிக்காமல் மறு பக்கம் வெளியே வந்துவிடும். நாளாவட்டத்தில் உடம்புக்கு ஆகாது. அது இல்லாமல் துவைக்க, சர்க்கரையிலிருந்தும் தாவர எண்ணெயிலிருந்தும் எடுத்த சரக்கை வைத்து அவள் ஒரு புதுத் திரவம் கலந்திருந்தாள். வியர்வைப் பிசுக்கைத் தின்பதற்கு நொதிகள் சேர்த்தாள். பழையது உப்புப் போட்டால் சொன்ன பேச்சைக் கேட்டுக் கெட்டியாகும். புதியது உப்புக்கு மசியவே இல்லை. அதோடு மல்லுக்கட்டிக் கடைசியில் ஒரு பிசினால் வழிக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் சரியாக வந்தது. நுரை மட்டும் வரவில்லை.

"இது துவைக்கற தண்ணியா, குடிக்கற தண்ணியா?" என்று கேட்டார் அண்ணன். ஆனாலும் அப்பா வைத்த சோதனைக்கு விட ஒப்புக்கொண்டார்.

அப்பா வைத்த சோதனை இப்படி. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றும், ஒரு வாரம் படுத்த தலையணை உறைகளை ஜோடியாகக் கொண்டுவர வேண்டும். ஒன்று பழைய திரவத்துக்கு, ஒன்று புதியதற்கு. எது எதற்கு என்பதைக் காசு சுண்டிவிட்டுத் தீர்மானிப்பார்கள். "ஒரே கட்டில், ஒரே காத்து, ஒரே சண்டை. ரெண்டு தலையிலயும் ஒரே அழுக்குதான் இருக்கும்" என்பது அப்பாவின் சித்தாந்தம். ஒரே உறையை நடுவில் வெட்டி இதில் பாதி அதில் பாதியாகத் துவைத்துப் பார்க்கலாமே என்று கலவைக்காரி ஒருமுறை கேட்டாள். துவைக்கக் கொடுத்தால் கிழித்தா கொடுப்பீர்கள் என்று எல்லா வீட்டிலும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஜோடியே நிலைத்தது. புதிய திரவம் ஒரு ஜோடியிலாவது ஜெயிக்க வேண்டும், ஒன்றிலும் தோற்கக் கூடாது. எல்லாமே சமமென்றால் பழையதே இருக்கும். இதுவும் அப்பா வைத்ததுதான்.

ஆகவே கலவைக்காரியும் ஒரு ஜோடி கொண்டுவர வேண்டியிருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஓரிரவு அந்தப் பக்கம் நகர்ந்து, அவர் தலையணையில் தலை வைத்துப் பார்த்தாள். விடிந்தபோது தன் பக்கத்திலேயே, தன் குழியிலேயே கிடந்தாள். தூக்கத்தில் யாரோ தூக்கி வைத்ததுபோல் இருந்தது. அதற்குமேல் முயலவில்லை. இத்தனை ஜோடிகளுக்கு நடுவில் ஓர் உறை என்ன பெரிய வித்தியாசம் செய்துவிடப்போகிறது என்று, அழுக்கான ஒன்றையும் ஆள் படுக்காத ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

*

பரிசோதனை அறையின் ஜன்னலோரம் அண்ணி நின்றாள். நுரையண்ணனின் மனைவி, துணி பார்ப்பதில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கண்ணாடி போட்டால் மனிதர்கள்தான் தெளிவாகத் தெரிகிறார்கள், அழுக்குத் தெரிவதில்லை என்பது அவள் கட்சி. எது எதில் துவைத்தது என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். உறையின் உள்மடிப்பில் நூல் தைத்திருக்கும். பழையதற்குச் சிவப்பு, புதியதற்குப் பச்சை. அதைத் தைத்தவர், துவைக்கிற மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற மிஷின்காரர், பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"சமம்," என்றாள் அண்ணி முதல் ஜோடியை வைத்துவிட்டு.

"அடுத்தது வாட்ச்மேன் வீடுங்க," என்றார் மிஷின்காரர்.

"ஒண்ணுல யாரோ வாயைத் திறந்து வெச்சுத் தூங்கியிருக்காங்க. இருந்தாலும் சமம்."

வாசலில் நின்ற வாட்ச்மேன் மின்விசிறியைப் பார்த்தார்.

மிஷின்காரர் வீட்டு ஜோடியும் சமம். அடுத்து அண்ணியின் வீட்டு ஜோடி.

"இதுல மட்டும் கறுப்பா என்னமோ போகாம நிக்குதே?"

"அது தலைச்சாயம். கணக்குல வராது," என்றார் நுரையண்ணன் அவசரமாக.

"யார் தலைன்னு நான் கேக்கவே இல்லயே. சாயத்தைத் தள்ளிட்டா சமம்."

எல்லாம் சமம். நுரையண்ணன் பெருமூச்சு விட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நுரை பிழைத்தது. கடைசி ஜோடியை அண்ணி கையில் எடுத்தாள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். மற்றதைப் பிடித்தாள். மறுபடி முதலாவதைப் பிடித்தாள்.

"இது சமம் இல்ல."

"என்னது?"

"இந்தக் கையில இருக்கறது கடையில வாங்கினமாதிரி இருக்கு. அது அப்படி இல்ல, ஓரத்துல மஞ்சள் நிக்குது."

மிஷின்காரர் வெளுத்திருந்த உறையின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். பச்சை நூல்.

"யார் வீடு?" என்று கேட்டார் நுரையண்ணன்.

"அக்கா வீடுங்க."

கலவைக்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதில் தெரிந்த விடுகதையை யாரோ போடுவதுபோல் இருந்தது. சுண்டிவிட்டதில் மறுபக்கம் விழுந்திருந்தால், அந்த வெள்ளை உறை பழையதற்குப் போயிருக்கும், அவள் தோற்றிருப்பாள். விழவில்லை.

நுரையண்ணன் அந்த உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பேச்சு மாறாத மனிதர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை நாள் பூரா லிஃப்ட் கிரீஸை அள்ளிப் பூசிக்கிட்டு வர்ற ஆளு. அந்தத் தலையவே வெளுத்துட்டியேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். கலவைக்காரியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அண்ணன் அப்போதே போனை எடுத்து நுரைச்சரக்கு அனுப்புகிறவர்களைக் கூப்பிட்டார். "டேங்கரைத் திருப்பிக்கோங்க. ஆமா, இனிமே வேண்டாம். என்ன ஆச்சா? என் தங்கச்சி ஜெயிச்சுட்டா, அதான் ஆச்சு."

என் தங்கச்சி என்று அவர் வெளியாளிடம் சொல்லி அவள் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

*

அறையில் எல்லோரும் போன பிறகு அந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஜெயத்துக்காகத்தான் வருஷக்கணக்காக நின்றாள். கையில் இருந்தது. கனமே இல்லை.

பொய் சொன்னது அவ்வளவாக உறுத்தவில்லை, அதற்குப் பழகியிருந்தாள். உறுத்தியது வேறு. புதிய திரவம் பழையதைவிட நன்றாக வெளுக்குமா என்பது அவளுக்கே தெரியாது. நாளைக்கு ஏதோ ஒரு வீட்டில் ஒரு காலர் வெளுக்கவில்லை என்று புகார் வந்தால், அண்ணன் இந்த உறையைத்தான் எடுத்துக் காட்டுவார். ஆள் படுக்காத ஓர் உறை ஒரு தொழிற்சாலைக்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். அவளோ அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர் போனதையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல வழியே இல்லை. சுற்றிச் சுற்றி யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அண்ணன் தன் அறையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் குலுக்கி, நிமிர்த்தி வைத்து, ஏறின நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடைகொடுக்கிற முகம்.

"அண்ணா, அந்தக் கடைசி ஜோடியைக் கணக்குல சேக்காதீங்க."

"ஏன், ஜெயிச்சது கசக்குதா?"

"அதுல ஒரு உறையில அழுக்கே இல்ல."

"அதுக்குப் பேருதானேம்மா ஜெயிக்கறது."

"துவைக்கறதுக்கு முன்னாடியே இல்ல."

அவர் நிமிர்ந்தார். "புது உறையா?"

"பழசுதான். அதுல யாரும் படுக்கல."

"மாப்பிள்ளைக்கு நைட் டியூட்டியா?"

"அப்படித்தான் உங்ககிட்டச் சொல்லிட்டு இருந்தேன்."

குழாயில் நுரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது உடைகிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்போல.

"எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலேருந்து."

"போன வாரம்கூட மாப்பிள்ளைக்குச் சளின்னு சொன்னியே."

"எப்பக் கேட்டாலும் நல்லாருக்கார்னு சொன்னா நம்பமாட்டீங்களோன்னு."

"நான் மருந்து வாங்கிக் கொடுத்தனுப்பினேன்."

"நான்தான் குடிச்சேன். வீணாப் போகுதேன்னு."

"உனக்குச் சளியா?"

"இல்ல. குடிச்சப்பறம் கொஞ்சம் பிடிச்சமாதிரி இருந்துது."

நுரையண்ணன் சிரிக்கவில்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

அன்றைக்கே சொன்னேனே, என்று அவர் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள். வழி நெடுக அதற்குப் பதில் தயார்செய்து வைத்திருந்தாள். நல்ல பதில், வெடுக்கென்று இருக்கும். அவர் ஆரம்பிக்கவில்லை. ஓங்கித் தள்ளப்போன கதவு திறந்தே கிடந்ததுபோல் அவளுக்கு நிலைதடுமாறியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப டெஸ்ட் செல்லாது," என்று மட்டும் சொன்னார்.

"செல்லாது."

"மத்ததெல்லாம் சமம். டேங்கரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்."

"கட்டில்ல இன்னொரு உறை இருக்குண்ணா. இந்த வாரம் நான் படுத்தது. அதை நடுவுல வெட்டி, பாதி பழசுல, பாதி புதுசுல போடுங்க. ஒரே தலை. ஒரே அழுக்கு. இதைவிடச் சரியா ஒரு சோதனை பண்ண முடியாது."

"அப்பா காலத்துலேருந்து ஜோடிதான் வழக்கம்."

"என் வீட்ல ஜோடி இல்லண்ணா."

அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்ச் சுவர்தான்.

"போய் எடுத்துட்டு வா. சாயங்காலத்துக்குள்ள டேங்கர்காரங்களுக்குச் சொல்லணும்."

*

வேலை நாளில் பகல் நேரத்தில் தன் வீட்டை அவள் பார்த்ததே இல்லை. யாரும் இல்லாதபோது வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவள் வந்ததை அது கவனித்ததாகத் தெரியவில்லை. வெயில் கட்டில்வரை வந்து, சுவரோரத் தலையணைமேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. பரவாயில்லை, அதற்காவது உதவுகிறது என்று நினைத்தாள்.

தன் தலையணையின் உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டும்போது, மேல்வீட்டம்மா படியில் இறங்கி வந்தாள்.

"இன்னிக்குக் கொடியில சார் சட்டையக் காணோமே?"

"சார் போட்டுட்டுப் போய்ட்டார்," என்றாள் கலவைக்காரி.

தெருவுக்கு வந்த பிறகுதான் அடடா என்றிருந்தது. இன்றைக்கு உண்மையைச் சொல்கிற நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

தொழிற்சாலையில் அண்ணி கத்திரிக்கோலோடு காத்திருந்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். உறையை மேஜையில் விரித்து, குழி விழுந்த அழுக்கின் நடுவே ஒரு கோடு கிழித்து, இரண்டாக வெட்டினாள். மிஷின்காரர் பாதிக்கொரு நூல் தைத்தார். இரண்டு பாதிகளும் இரண்டு மிஷினுக்குள் போயின.

அண்ணனும் தங்கையும் அவற்றுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். பழைய திரவத்தின் கண்ணாடியில் நுரை கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. புதியதன் கண்ணாடியில் தண்ணீர் சுற்றியது, அவ்வளவுதான்.

"உன் மிஷின்ல ஒண்ணுமே நடக்கலயே?"

"நடக்குதுண்ணா. சத்தம் போடாம நடக்குது."

"எனக்கென்னமோ வெறும் தண்ணி சுத்தறமாதிரிதான் இருக்கு."

"பாக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

இடையில் ஒருமுறை அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விட்டுவிட்டார். சின்ன வயதில் இருவரும் இப்படித்தான், சண்டை போட்ட மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். யார் முதலில் பேசுவது என்பது ஒருநாளும் தீர்மானமானதில்லை.

காய்ந்ததும் அண்ணி இரண்டு பாதிகளையும் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கண்ணாடியைக் கழற்றினாள். பார்த்தாள். என்றும் இல்லாத வழக்கமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் ஒருமுறை பார்த்தாள். கலவைக்காரி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமம்," என்றாள் அண்ணி.

"நல்லாப் பாரு," என்றார் நுரையண்ணன்.

"நல்லாத்தான் பாத்தேன். திரும்பத் தைச்சுட்டா நடுவுல தையல் மட்டும்தான் தெரியும்."

"சமம்னா..." என்று ஆரம்பித்தார் அவர். முடிக்கவில்லை. முடிவு என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"சமம்னா என்னண்ணா?" கலவைக்காரி எழுந்து நின்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அழுக்குல சமம். சரி. துவைச்சுட்டு வெளியில போகுதே தண்ணி, அதுல சமமா? பழசு ஆகாத ஒண்ணையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. புதுசு கூட்டிட்டுப் போகல. அப்பா சமம்னா பழசுன்னு சொன்னப்போ துணியை மட்டும்தான் பாத்தாரு. போற தண்ணிய யாரு பாத்தா?"

"பாக்கறவங்களுக்கு நுரைதான்மா தெரியும்."

"தெரியட்டும். நுரை இல்லாமலே உங்க பழசுக்குச் சமமா வந்திருக்கே, அது உங்களுக்குத் தெரியலயா?"

மிஷின்காரருக்கு அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ வேலை வந்தது. நுரையண்ணன் போனை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

"நான்தான். டேங்கரை அனுப்புங்க." கலவைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "இருங்க, முழுசா வேண்டாம். பாதி அனுப்புங்க. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எப்படியாவது அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினார்.

"டேங்கர் எப்படிங்க பாதி வரும்னு கேக்கறான். முன்பாதி வந்தாப் போதும்னு சொல்லலாம்னு பாத்தேன், கோவிச்சுக்குவான். பாதித் தொட்டில உன்னது ஓடட்டும். வெளியில போய் நாலு வீட்ல துவைச்சுட்டுச் சொல்லட்டும். நான் தடுக்கல."

முழுசாக ஜெயிக்கவில்லை. ஆனால் காலையில் கிடைத்ததற்கு இல்லாத கனம் இதற்கு இருந்தது.

வாசல்வரை போனவர், நின்று, கதவின் தாழ்ப்பாளை ஆராய்ந்தார்.

"சளி இப்பப் பரவாயில்லயா?"

"எனக்குச் சளியே இல்லண்ணா."

"சரி, சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கலவைக்காரி குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறவர்களின் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டிப் போனது. அவளுக்குக் கழுவுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. இல்லாவிட்டால் கழுவியதையே மறுபடி கழுவுவாள்.

அண்ணி உள்ளே வந்தாள். தோளில் ஒரு துணிப்பை.

"போகலயா அண்ணி? அண்ணா கார்ல காத்துட்டு இருப்பாரே."

"இருக்கட்டும்." அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டு ஜோடியையும் தள்ளுபடி பண்ணிடும்மா."

"ஏன்? சாயத்தாலயா?"

"சாயமா பெருசு. அந்த ரெண்டு உறையும் ஒரே கட்டில்லேருந்து வரல."

கலவைக்காரியின் கையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு அவர் ரூம்லேருந்து வந்துது. இன்னொண்ணு பொண்ணு ரூம்லேருந்து. அவ கல்யாணமாகிப் போனதுலேருந்து நான் அங்கதான் படுக்கறேன். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு நாள் ரூமைப் பெருக்கப் போனேன், அங்கயே தூங்கிட்டேன். யாரும் வந்து எழுப்பல."

"அண்ணாவுக்கு..."

"தெரியாம இருக்குமா? ரெண்டு உறையையும் கழட்டி ஒண்ணாச் சேத்துக் கட்டினதே அவர்தான்."

கலவைக்காரி குழாயை மூடினாள். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்ற அண்ணனின் முதுகு அவளுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. திட்டுவதற்கு அவரிடம் வாய் இருந்திருக்காது.

வெளியே காரின் ஹார்ன் ஒருமுறை அடித்தது.

"அண்ணி, அவர் கூப்பிடறார்."

"கேக்குது." அண்ணி பையின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். மாற்றுத்துணியும், ஒரு பல் தேய்க்கிற பிரஷ்ஷின் நுனியும் தெரிந்தன. "உன் வீட்ல ஒரு தலையணை சும்மாத்தானே கிடக்கு?"

"ம்."

"அதுல நான் படுத்துக்கட்டுமா?"

ஹார்ன் இரண்டாவது முறை அடித்தது, முன்னைவிட நீளமாக. கலவைக்காரி கையைத் துடைத்தாள். சாவி எங்கே வைத்தோம் என்று மேஜைமேல் தேடினாள்.

அண்ணி எழுந்து விளக்கை அணைத்தாள்.